பதில் சொல்பவள்

ஜனவரி 6, திங்கள்

பன்னிரண்டு வருடமாக இந்தக் கம்பெனியில் பம்பு வரைகிறேன். இன்றுதான் முதல் தடவையாக ஒரு முகத்தை வரையச் சொன்னார்கள்.

கேட்டவர் சென்னியப்பன். குவாலிட்டியில் இருக்கிறார். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புச் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஃபவுண்டரியில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. எனக்கு ஆகும். என் டிராயிங்கால் தப்பானது என்று அவர் இதுவரை ஒரு குறிகூடப் போட்டதில்லை. போட முடியாது.

மார்ச்சில் பம்பு கம்பெனிகளுக்கு இடையே நாடகப் போட்டி. எங்கள் ஆட்கள் வருடா வருடம் குடிகார அப்பன் திருந்துகிற கதையைப் போட்டு ஆறுதல் பரிசு வாங்கி வருவார்கள். இந்தத் தடவை சென்னியப்பன் கிரேக்கத்துக்குப் போகிறாராம்.

"நாடகம்னு ஒண்ணு எப்புடிப் பொறந்துச்சுங்கறதுதானுங்க நம்ம நாடகமே" என்று என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "ரெண்டாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தி அந்தூர்ல நடிகன்னு எவனும் கெடையாதுங்க. திராட்சைக் கடவுளுக்குத் திருவிழான்னா, ஒரு கூட்டம் வட்டமா நின்னு ஆடிப் பாடும். அவ்வளவுதான். ஒரு நாள் அந்தக் கூட்டத்துல இருந்து ஒருத்தன் வெளிய வந்தான். மூஞ்சிக்கு வெள்ளை பூசிக்கிட்டு, அந்தக் கடவுளே நாந்தான்னு நின்னான். கூட்டம் கேள்வி கேட்டுச்சு, அவன் பதில் சொன்னான். தெஸ்பிஸ்னு பேரு சொல்றாங்க. அவங்க பாஷையில நடிகனுக்கு இருந்த வார்த்தைக்கே பதில் சொல்றவன்னுதான் அர்த்தமாமா."

அவர் பேசி முடிக்கும்வரை கேட்டேன். நான் குறுக்கே பேசுகிற ஆள் இல்லை. வெள்ளை பூசிப் பார்த்த பிறகு துணியில் முகமூடி செய்தார்களாம், அதற்குத்தான் டிராயிங். ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினேன்: "வாய் எவ்வளவு திறந்திருக்க வேண்டும்?"

படித்துவிட்டுச் சிரித்தார். "சத்தம் வெளிய வர்ற அளவுக்குங்க" என்றார்.

ஜனவரி 9, வியாழன்

முகமூடி வரைந்து முடித்தேன். முன்பக்கம், பக்கவாட்டு, குறுக்குவெட்டு எல்லாம் உண்டு. வார்ப்புக்கு மர அச்சு செய்கிற பேட்டர்ன் ஷாப்பில் மரத்தில் ஒரு தலை கடைந்து தருகிறார்கள். அதன்மேல் பழைய வேட்டித் துணியை மைதாப் பசையில் தோய்த்து நாலு அடுக்கு ஒட்டிக் காயவைக்க வேண்டும். வாயைச் சாதாரண ஓட்டையாக விடவில்லை. உள்ளே குறுகி வெளியே விரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். இது என் யோசனை. கிரேக்கர்கள் என்ன செய்தார்களோ, எனக்குத் தெரியாது.

கேஸ் தீர்ந்துவிட்டது. அம்மா போன் செய்து புக் பண்ணினாள். போன் எல்லாம் வீட்டில் அம்மாதான். அலுவலகத்தில் என் மேஜை போன் அடித்தால் பக்கத்து சீட்டில் யாராவது எடுப்பார்கள். எனக்கு வேலை இருக்கிறது, எந்நேரமும் போனைக் கட்டிக்கொண்டு அழ முடியாது.

ஜனவரி 13, திங்கள்

போகி. அம்மா பழைய பாயை எரிக்கக் கூடாதென்று ஒளித்து வைத்துவிட்டாள்.

சாயங்காலம் முகமூடியை அளவு பார்க்க ஃபவுண்டரிக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்துக்குப் போனேன். அங்கேதான் ஒத்திகை. பத்துப் பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் பிரிவு மரகதம் அக்காவின் குரல் மட்டும் கேட் வரைக்கும் கேட்டது. "ஒரு ஆள் கொறையுது. சித்த நில்லுங்க, அம்மிணி" என்றார் சென்னியப்பன். வசனத் தாளையும் கையில் திணித்துவிட்டார். மறுக்க நினைப்பதற்குள் கை தட்டித் தொடங்கிவிட்டார்.

"யார் நீ? கையில் என்ன கொடி? எங்கள் ஊரில் உனக்கு என்ன வேலை?"

கொடி என்றால் திராட்சைக் கொடி. எல்லோரும் ஒன்றாகச் சொன்னோம். எல்லோரும் என்றால் நானும். ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் காலையில் உறுதிமொழி சொல்லும்போது இப்படித்தான் இருக்கும், அது முடிந்ததும் வருகைப்பதிவு எடுப்பார்கள். அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

மரகதம் அக்கா என்னை முறைத்துப் பார்த்தார். "அடி ஆத்தா! இந்தப் புள்ளைக்கு இம்புட்டுக் குரலா?" என்றார்.

என் குரல் நன்றாக இருக்கிறது. கனமாக, அடியில் கொஞ்சம் மணல் கலந்த மாதிரி. இதை எழுத எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

ஒரு வாரமாகப் போகிறேன். முகமூடியை யாராவது கவனிக்க வேண்டுமே.

சென்னியப்பனின் முறை விசித்திரமாக இருக்கிறது. யாருக்கு எந்த வேடம் என்று அவர் சொல்லவே இல்லை. கேள்வியையும் பதிலையும் எல்லோரும் சேர்ந்தே சொல்கிறோம். ஊர் கேட்பதையும் நாங்களே கேட்கிறோம், கடவுள் சொல்வதையும் நாங்களே சொல்கிறோம். "எவனுக்கு வெளிய வரோணும்னு தோணுதோ அவன் வரட்டும். தெஸ்பிஸை எவனும் கூப்புடலீங்க" என்கிறார்.

இன்று தரணி வெளியே வந்தான். சேல்ஸில் இருக்கிறான், வாய் மூடாது. கடவுளின் பதிலைச் சொன்னான்:

"நான் கேட்காமல் வந்தவன். இந்தக் கொடி என்னுடையது. கதவைத் திறவுங்கள். திறக்காவிட்டாலும் உள்ளே வருவேன்."

அரை குதிரைசக்தி மோட்டாரை விவசாயி தலையில் கட்டுகிற மாதிரியே சொன்னான். சென்னியப்பன் தலையை ஆட்டிவிட்டு, வட்டத்துக்குள் போகச் சொன்னார். சாக்கட்டி கையில் இருந்திருந்தால் பெருக்கல் குறி போட்டிருப்பார்.

அந்த வரிகளை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். கெஞ்சவும் கூடாது, மிரட்டவும் கூடாது. வந்தாகிவிட்டது என்று தெரிவித்தால் போதும்.

ஜனவரி 25, சனி

மாவு பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்துவிட்டது. பழி என் மேல்.

பிப்ரவரி 3, திங்கள்

அரைநாள் லீவு போட்டு அம்மாவோடு பேங்குக்குப் போனேன். என் கணக்கில் ஏதோ கையெழுத்து மாறியிருக்கிறதாம். கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "உங்க பேருங்க மேடம்?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். பிறந்த தேதி, விலாசம், வேலை, எல்லாவற்றையும் அம்மாவே சொன்னாள். அந்தப் பெண் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. கையெழுத்துக்கு மட்டும் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நான் சிரமப்படுவதை அவளால் பார்க்க முடியாது. முன்பு பெண் பார்க்க வந்தவர்களிடமும் என் பெயரை அவள்தான் சொன்னாள். மாப்பிள்ளை பேசாமல் அவளையே கட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

வேறு எந்தச் சொல் என்றாலும் சுற்றிக்கொண்டு போய்விடலாம். "டீ" வராவிட்டால் "காபி" குடிக்கலாம். பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது.

பிப்ரவரி 14, வெள்ளி

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

முகமூடி காய்ந்து, வெள்ளை அடித்து, இன்று தயாராக வந்தது. மாட்டிப் பார்க்க ஆள் கேட்டார் சென்னியப்பன். வரைந்தவள் நான், என் அளவில்தான் வரைந்திருக்கிறேன். மாட்டிக்கொண்டு வட்டத்தில் நின்றேன். உள்ளே மைதா வாசம். கண் ஓட்டை வழியாக எதிரே மரகதம் அக்காவின் சேலை மட்டும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

எல்லோரும் சேர்ந்து கேள்வியைச் சொல்லி முடித்துப் பதிலைத் தொடங்கினோம். சரியாக அப்போது இரண்டாம் ஷிப்டின் டீ சங்கு ஊதியது.

எங்கள் ஷாப் ஆட்களுக்கு அந்தச் சங்கு எலும்பில் ஊறியது. எது கையில் இருந்தாலும், எந்த ஷிப்டு சங்காக இருந்தாலும், ஊதினால் அப்படியே நிறுத்திவிடுவார்கள். பத்துப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டிராயிங் ஆபீஸில் சங்கு கிடையாது, ஏசி சத்தம்தான். நான் நிறுத்தவில்லை. அவர்கள் நிறுத்தியதும் எனக்குத் தெரியாது, சங்குச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

சங்கு நின்றது. "...கதவைத் திறவுங்கள். திறக்காவிட்டாலும் உள்ளே வருவேன்" என்று ஒரு குரல் ஃபவுண்டரிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஒரே ஒரு குரல். நல்ல குரல் என்று நினைத்தேன். பிறகுதான் அது யாருடையது என்று புரிந்தது.

கண்ணைத் திறந்தேன். யாரும் அசையவில்லை. அடுத்த வரிக்கு வாயைத் திறந்தேன், வரவில்லை. உள்ளே பூட்டிக்கொண்டது. முகமூடியைக் கழற்றி மரகதம் அக்கா கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கணபதி ஸ்டாப் வரும்வரை அந்த வரியை உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 15, சனி

சென்னியப்பன் காலையிலேயே வந்து நின்றார். "வெளிய வந்தாச்சுங்க, அம்மிணி. இனி உள்ள போக முடியாது" என்றார்.

தாளில் எழுதினேன்: "சங்கு ஊதியதால் நடந்தது. நான் வரவில்லை."

"அந்தத் தெஸ்பிஸும் அப்புடித்தான் வந்திருப்பானோ என்னமோ. கூட இருந்தவனுக எதுக்கோ நிறுத்தியிருப்பானுக, இவன் நிறுத்தாம விட்டிருப்பான்."

இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டேன். இல்லை என்று ஒத்துக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. சரி என்று தலையசைத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

முகமூடி போட்டால் தடையே இல்லை. ஆறு நாளும் இல்லை. அந்த வரிகளைச் சொல்கிறவள் நான் இல்லை, அந்தக் கடவுள். அவருக்கு எந்த எழுத்தும் பயமில்லை.

இன்று மேனேஜர் ஒத்திகை பார்க்க வந்தார். பார்த்தார், கை தட்டினார். பிறகு சென்னியப்பனைச் சுவர் ஓரமாகக் கூட்டிப் போனார். நான் அதே சுவருக்கு இந்தப் பக்கம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தப் புள்ளைக்குப் பேச்சு வராதல்லப்பா? மேடையில மாட்டிக்கிட்டா நம்ம கம்பெனி மானம் போகும். அதுக்கும் பாவம். தரணியைப் போடு."

"அந்தப் புள்ளைக்குப் பேச்சு வருமுங்க சார். நமக்குத்தான் கேக்கறதுக்குப் பொறுமை வராது" என்றார் சென்னியப்பன்.

என்னமோ பண்ணு என்று கையை உதறிவிட்டுப் போனார் மேனேஜர். பாவமாம். இந்தக் கம்பெனியில் ஓடுகிற எந்தப் பம்பை வேண்டுமானாலும் பிரிக்கட்டும், உள்ளே என் கோடு இருக்கும். என்னைப் பாவம் என்று சொல்ல இவர் யார்? ராத்திரி சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு போட மறந்துவிட்டேன். அவ்வளவு கோபம்.

பிப்ரவரி 27, வியாழன்

கடைசிக் காட்சியை இன்றுதான் கொடுத்தார்.

தெஸ்பிஸ் கடவுளாகப் பேசி முடித்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் தடியைத் தரையில் தட்டிக்கொண்டு வருகிறார். அவருக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கவில்லை. "இத்தனை பேர் முன்னால் இப்படிப் பொய் சொல்கிறாயே, வெட்கமாக இல்லையா? யார் நீ?" என்று கேட்கிறார். தெஸ்பிஸ் முகமூடியைக் கழற்றிவிட்டு, "நான் தெஸ்பிஸ். திராட்சைத் தோட்டத்துக்காரன். விளையாட்டாகச் சொன்னேன்" என்கிறான். இப்படி ஒரு கதை பழைய புத்தகத்தில் இருக்கிறதாம். பெரியவராக மரகதம் அக்கா. ஒட்டுத்தாடி வேண்டாம், மீசை போதும் என்று அடம் பிடிக்கிறார்.

முகமூடியைக் கழற்றினேன். காற்று பட்டது. "நான்" வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மறுபடி செய்தோம், மறுபடி வரவில்லை. பிறகு எத்தனையோ தடவை.

எனக்குத் திக்கும். இதோ எழுதிவிட்டேன். பேனா திக்கவில்லை.

மரகதம் அக்கா ஒரு வழி சொன்னார். "நீ வாயைத் தொறந்தாப் போதுங் கண்ணு. நாங்க பத்துப் பேரும் சேந்து சொல்லிருவோம். உன்ற குரலும் எங்களோட வந்துரும். ஒருத்தனுக்கும் தெரியாது." எல்லோரும் சரி என்றார்கள், தரணிகூட. அவன் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "அக்கா, நீங்க வெளிய நிக்கறப்ப எனக்கு மயிர்க்கூச்செறியுது. உங்களை விட்டுற மாட்டோம்" என்றான்.

நல்ல மனிதர்கள். எனக்குக் கண் கலங்கியது. சரி என்று தலையசைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தலையசைப்பு என்னை உறுத்திக்கொண்டே வந்தது. என் அம்மாவை அவர்கள் பத்தாக்கிவிட்டார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

பீளமேட்டில் ஒரு கல்லூரி அரங்கம். காலையில் இருந்து நாடகங்கள். ஒன்றில் குடிகார அப்பன் திருந்தினான், இன்னொன்றில் திருந்தாமல் செத்தான். நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பாதி அரங்கம் தூக்கத்தில் இருந்தது. அம்மா மூன்றாவது வரிசையில், பட்டுச்சேலையில், கையில் தண்ணீர் பாட்டிலோடு.

வட்டமாக வந்தோம். சலங்கை இல்லை, மைக் இல்லை, காலால் தரையைத் தட்டுகிற சத்தம்தான். யார் நீ, கையில் என்ன கொடி என்று கேட்டோம். நான் வட்டத்தை விட்டு ஒரு அடி வெளியே வைத்தேன்.

"நான் கேட்காமல் வந்தவன்."

தூங்கியவர்கள் எழுந்தார்கள். இதை நான் மிகைப்படுத்தவில்லை. முன்வரிசையில் ஒருவர் கையில் இருந்த முறுக்கு வாய்க்குப் போகாமல் நின்றதைக் கண் ஓட்டை வழியாகப் பார்த்தேன். கதவைத் திறவுங்கள் என்றபோது பின்னால் யாரோ நிஜமாகவே கதவுப் பக்கம் திரும்பினார்கள். ஒவ்வொரு வரியும் நான் வைத்த இடத்தில் போய் உட்கார்ந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தனியாகப் பேசியதில்லை. மேடையில் நிற்கும்போதே எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

மரகதம் அக்கா மீசையோடு வந்து தடியைத் தட்டினார். "இத்தனை பேர் முன்னால் இப்படிப் பொய் சொல்கிறாயே, வெட்கமாக இல்லையா? யார் நீ?"

முகமூடியைக் கழற்றினேன்.

"நான்..."

பூட்டிக்கொண்டது. பின்னால் வட்டத்தில் எல்லோரும் மூச்சை இழுப்பது கேட்டது. எனக்காக. நான் கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் காட்டினேன். நிறுத்து என்று ஒத்திகையில் அதற்கு அர்த்தம். இழுத்த மூச்சை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வரிசையில் அம்மாவின் வாய் திறந்தது. அந்த வாயை எனக்குத் தெரியும். பேங்கில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டில், எனக்கு முன்னால் திறந்த வாய். அவளை நேராகப் பார்த்தேன். தலையை லேசாக ஆட்டினேன். அம்மா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

யாரோ இருமினார்கள். மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். மரகதம் அக்காவுக்குக் கண் நிறைந்து மீசை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஆனாலும் தடியை மறுபடி ஒரு தட்டுத் தட்டினார். அது நாடகத்தில் இல்லை. "யார் நீ?" என்று மறுபடி கேட்டார், மெதுவாக, காத்திருக்கிற குரலில்.

எத்தனையோ கவுண்டர்களில் என்னைக் கேட்ட கேள்வி. தெஸ்பிஸின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். மறக்கவில்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறேன், இத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இந்தக் கஷ்டத்தை இன்னொருவன் பெயருக்காகப் படுவானேன்?

"க" வந்தது. நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. தாடை இழுத்தது, கண் சுருங்கியது, அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. அவசரப்படவும் இல்லை.

"கற்பகவல்லி" என்றேன். "டிராயிங் ஆபீஸ். நான் சொன்னது பொ... பொ... பொய் இல்லை."

வட்டத்தில் அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. பிறகு நடந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. முறுக்குக்காரர் எழுந்து நின்றார். அம்மா எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

மார்ச் 3, திங்கள்

எங்களுக்கு இரண்டாம் பரிசு. கம்பெனி வரலாற்றில் இதுவரை இல்லாதது. மேனேஜர் எல்லோர் கையையும் குலுக்கினார். என் கையை இரண்டு தடவை.

முதல் பரிசு ஏன் இல்லை என்று சென்னியப்பன் நடுவரிடம் கேட்டிருக்கிறார். கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் நடிகை தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டார், அதற்காக மதிப்பெண் குறைத்தோம் என்றாராம். அந்தக் காலத்துப் பெரியவர் மேடையில் பொய் சொன்னதற்குத் தடியால் தட்டினார். இவர் உண்மை சொன்னதற்குக் குறைத்திருக்கிறார்.

"நீங்க வேணும்னேதானுங்க மாத்துனீங்க?" என்று கேட்டார் சென்னியப்பன். நான் தாளை எடுக்கவில்லை. "ஆ... ஆமாங்க" என்றேன். சட்டைப்பையில் இருந்து சிவப்புச் சாக்கட்டியை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு, ஒரு குறியும் போடாமல் போனார்.

அந்தக் கிரேக்கப் போட்டியில் ஜெயித்தவனுக்கு ஒரு ஆடு பரிசு என்றும் சொல்கிறார்களாம். மரகதம் அக்கா இதைக் கேட்டதில் இருந்து கேன்டீனில் பிரியாணிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்.

மார்ச் 5, புதன்

முகமூடியைச் சென்னியப்பன் என்னிடமே கொடுத்துவிட்டார். வீட்டில் ஆணி அடித்து மாட்டினேன். அம்மாவுக்கு அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறதாம், திருப்பி வைக்கச் சொல்கிறாள். வைக்க மாட்டேன்.

மத்தியானம் மேஜை போன் அடித்தது. பக்கத்து சீட்டில் எழுந்தார்கள். நான் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு எடுத்தேன். சேலத்தில் இருந்து ஒரு டீலர். யார் பேசறதுங்க என்றார். "க" என்றேன், நின்றது. ஹலோ ஹலோ என்றார். மறுபடி "க" என்றேன். அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது, ஆனால் வைக்கவில்லை. காத்துக்கொண்டிருக்கிறார்.

காத்திருக்கட்டும்.